முப்பத்திரண்டு நாற்காலிகளின் செயலாளர்

அந்த நாற்காலில உக்காராதிய அண்ணாச்சி. அது உறுப்பினர் நாற்காலி. பார்வையாளருக்கு வெளிய தாழ்வாரத்துல பெஞ்சு கிடக்கு, அதுல உக்காருங்க. நான் இந்த வாசப்படியிலயே நின்னுக்கிடுதேன், பேசலாம். உள்ள முப்பத்திரண்டு நாற்காலி சும்மாத்தானே கிடக்குன்னு பாக்கிய. கிடக்கத்தான் செய்யுது. சும்மா கிடக்குன்னு யாரு வேணும்னாலும் உக்காந்துட்டா, அப்புறம் விதின்னு ஒண்ணு என்னத்துக்கு எழுதி வச்சிருக்கு?

மகளுக்கு இடம் கேட்டுத்தானே வந்திருக்கிய? பேப்பர்ல பாத்துட்டு வாரிய, அதுவும் தெரியும். பீடி சுத்திக்கிட்டே படிச்சு குரூப் டூ பாஸ் பண்ணுன பிரம்மசக்தி. ஆமா, எங்க பயிலும் வட்டத்துலதான் படிச்சுது. ஒரு மாசமா ஆளு வந்துக்கிட்டேதான் இருக்கு. எங்கன உக்காந்து படிச்சுது, என்ன புஸ்தகம் படிச்சுது, எத்தனை மணி நேரம் படிச்சுதுன்னு கேக்காவ. இந்த இடத்தை நிர்வாகம் பண்ணுனது யாருன்னு ஒரு ஆளு கேக்கல. நீங்களும் கேக்கல, பாத்தியளா. பரவால்ல, நானே சொல்லுதேன்.

என் பேரு சங்கரபாண்டியன். பயிலும் வட்டத்துக்குச் செயலாளர். ஒன்பது வருசமா பரீட்சைக்குப் படிக்கேன். வரலாறு, புவியியல் எல்லாம் எனக்கு ஓரளவுதான். ஆளுகைன்னு ஒரு பாடம் இருக்கு பாருங்க, அரசாங்கம் எப்படி நடக்கணும், மக்களை எப்படி நடத்தணும்ங்கது, அதுல என்னைய அடிச்சிக்கிட ஆளு கிடையாது. வெளிப்படைத்தன்மை, பொறுப்புடைமை, பங்கேற்பு, எதை வேணும்னாலும் கேளுங்க, பத்துப் பாயிண்டு சொல்லுவேன். வீட்டுக்காரி டீச்சர் வேலைக்குப் போறா. காலையில எனக்கும் சேத்துத்தான் டப்பா கட்டுவா. ஒருநாள் அவகிட்ட பங்கேற்பு ஆளுகை பத்திச் சொல்லிக்கிட்டிருந்தேன். ‘இந்தத் துணியக் கொஞ்சம் கொடியில போடுதியளா’ன்னு கேட்டா. அவளுக்கு இந்தப் பாடத்துல ஆர்வம் இல்ல.

இந்தக் கட்டடம் முன்னால பேரூராட்சி சமுதாயக்கூடம். புதுசா ஒண்ணு கட்டினதும் இங்க கல்யாணம் நடக்கது நின்னு போச்சு. அப்ப இருந்த செயல் அலுவலர் தங்கமான மனுசன். பரீட்சைக்குப் படிக்க இடம் வேணும்னு நாங்க போய் நின்னதும், சாவியக் கையில குடுத்து, ‘நிர்வாகத்தைத்தானே படிக்கிய, இதையும் நீங்களே நிர்வாகம் பண்ணிக்கிடுங்க’ன்னு சிரிச்சிக்கிட்டே சொன்னாரு. மத்தவனுவ அவரு சிரிச்சதைப் பாத்துட்டு வந்துட்டானுவ. அவரு சொன்னதை நான் மட்டுந்தான் மனசுல ஏத்திக்கிட்டேன்.

முதல் வருசம் எப்படி இருந்துச்சுன்னு சொன்னா நம்ப மாட்டிய. சாவி எதிர்த்த டீக்கடை ஆணியில தொங்கும். முதல்ல வாரவன் எடுத்துத் திறப்பான், திறந்தவனே கூட்டுவான். கடைசியாப் போறவன் பூட்டி ஆணியில மாட்டிட்டுப் போவான். யாரு எங்கன உக்காரணும்னு கிடையாது. தண்ணிப் பானை வத்திப் போச்சுன்னா பக்கத்துல இருக்கவன் எந்திரிச்சுப் போய் எடுத்துட்டு வருவான். ஒரு பதிவேடு கிடையாது. யாருக்கு என்ன பொறுப்புன்னு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. சுத்தமான அராஜகம். அந்த வருசம் அஞ்சு பேரு பாஸ் பண்ணுனானுவ, அது வேற விசயம். அது தற்செயல். தற்செயலை நம்பி ஒரு நிறுவனத்தை நடத்த முடியாதுலா.

சண்டை கிண்டை வந்துச்சான்னு கேக்கிய. வரல. அதான் எனக்குப் பெரிய கவலையா இருந்துச்சு. நாளைக்கே ஒரு சண்டை வந்தா தீத்து வைக்கதுக்கு ஒரு அமைப்பு இல்லியே. ராத்திரி படுத்தா எனக்கு உறக்கம் வராது.

ரெண்டாவது வருசம் பொதுக்குழுவக் கூட்டுனேன். படிக்க வந்தவனுவ எல்லாம் தலைய ஆட்டுனானுவ. சீக்கிரம் முடிஞ்சாப் போதும், புஸ்தகத்தை எடுக்கலாம்னு தலைய ஆட்டுனானுவன்னு கொம்பையா பின்னால சொன்னான். கொம்பையா யாருன்னா, என்கூட ஆரம்பத்துல இருந்தே படிச்ச பையன். மளிகைக்கடையில கணக்கு எழுதிட்டு சாயங்காலம் வருவான். நல்ல பையன்தான், ஆனா எல்லாத்தையும் லேசா எடுத்துக்கிடுவான். அந்தப் பொதுக்குழுவுல ஒன்பது குழு போட்டோம். இருக்கை ஒதுக்கீட்டுக் குழு, ஒழுங்கு நடவடிக்கைக் குழு, சேர்க்கைக் குழு, பானைக் குழு, இப்படி. ஆளுக்கு ரெண்டு குழு வீதம் வந்துச்சு. சிலபேரு மூணு. பெயிண்டரை வச்சுக் குடிமக்கள் சாசனம் எழுதினேன், உள்ள செவுத்துல பாருங்க, தரையில இருந்து உத்திரம் வரைக்கும். இந்திய வரைபடம் அந்த இடத்துலதான் இருந்துச்சு. அதைச் சுருட்டிப் பரண்ல வச்சிருக்கு.

பானைக் குழுவுக்குக் கொம்பையாவ அமைப்பாளராப் போட்டேன். இனிமே பானை வத்துனா யாரும் தன்னிச்சையா எடுத்துட்டு வரக் கூடாது, அமைப்பாளர்கிட்டச் சொல்லணும். அவன் சாயங்காலந்தான் வருவான்ங்கது ஒரு சின்ன நடைமுறைச் சிக்கல். அதுக்குள்ள ஒருத்தன் பகல்லயே தாகம் தாங்காம, தானே போய்த் தண்ணி எடுத்துட்டு வந்துட்டான். அதிகார வரம்பு மீறல். விளக்கம் கேட்டு எழுதினேன். மூணு பக்கத்துக்குப் பதில் குடுத்தான் பாருங்க, முன்னுரை, முடிவுரை, முன்னோக்கிய வழி எல்லாம் வச்சு. பரீட்சையில இப்படி எழுதியிருந்தா எப்பவோ வேலைக்குப் போயிருப்பான். எனக்கே பெருமையா இருந்துச்சு.

குறைதீர்ப்புப் பெட்டியும் வச்சேன். யாருக்கு என்ன குறைன்னாலும் எழுதிப் போடலாம், செயலாளர் மேலயே போடலாம். அந்த அளவுக்கு வெளிப்படைத்தன்மை. மனுவப் பெட்டியில போடுததுக்கு முன்னாடி செயலாளர்கிட்டக் காட்டி வரிசை எண் வாங்கிக்கிடணும், அவ்வளவுதான். மொத ஆறு மாசத்துல ஒரு மனு கூட வரல. அறிக்கையில நான் அதைக் கொட்டை எழுத்துல போட்டேன்.

இதுக்கு நடுவுல, போன வருசம் சித்திரையில, நடு மேசைக்கு மேல ஓடுன ஃபேன் நின்னு போச்சு. பழைய முறைன்னா என்ன செஞ்சிருப்பானுவ? தெருமுக்கு எலக்ட்ரீசியன் மாடசாமிய ஒரு குரல் குடுத்துக் கூப்பிட்டிருப்பானுவ. அவனும் ஸ்டூலைப் போட்டு ஏறி ஒரு கம்பிய முறுக்கிட்டு, ஒரு டீயக் குடிச்சிட்டுப் போயிருப்பான். நான் விடல. முதல்ல கருத்துக் கேட்பு. ஃபேனுக்கு நேர்கீழ உக்காந்திருக்கவன், ஓரத்துல இருக்கவன், ஃபேன் காத்தே பட்டா ஆகாதவன், எல்லாத் தரப்பையும் கேக்கணும்லா. அப்புறம் காரணம் அறிய ஒரு துணைக்குழு. குறுகிய கால நடவடிக்கை, நீண்ட கால நடவடிக்கைன்னு பிரிச்சு, அண்ணாச்சி, நாப்பத்தோரு பக்கம் அறிக்கை. மாடசாமி ரெண்டு மூணு தடவை தானாவே ஸ்டூலைத் தூக்கிட்டு வந்தான். நான் திருப்பி அனுப்பிட்டேன். அறிக்கைய முடிச்சுக் கையெழுத்துப் போட்ட அன்னிக்குச் சாரல் விழுந்துருச்சு. ஊரே குளுந்து போச்சு. அப்புறம் ஃபேன் யாருக்கு வேணும்? எந்தச் செலவும் இல்லாமப் பிரச்சினை தீந்துச்சு.

பிரம்மசக்திகிட்ட வாரேன், இருங்க. ஃபேன் ஓடாத அந்த வெயில் காலத்துலதான் அது வந்துச்சு. முப்பது வயசு இருக்கும். புருசன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். ரெண்டாங்கிளாஸ் படிக்கிற ஒரு மகன். முதல்நிலைத் தேர்வு பாஸ் பண்ணிட்டு, மெயின்ஸுக்கு இடம் தேடிக்கிட்டு வந்துச்சு. வீட்டுல மாமியாக்காரி டிவியப் போட்டா அணைக்க மாட்டாளாம். வந்த அன்னிக்கே என்கிட்டச் சொல்லிருச்சு, ‘அண்ணே, எனக்கு இந்த ஒரு பரீட்சைதான். இது வரலைன்னா பையனைக் கூட்டிக்கிட்டுத் திருப்பூருக்கே போயிருதேன்னு வீட்டுல சொல்லியிருக்கேன். இன்னும் தொண்ணூறு நாள் இருக்கு.’ நான் விண்ணப்பப் படிவத்தைக் குடுத்தேன். எல்லாம் முறைப்படி நடந்துச்சு, பதினேழாம் நம்பர் நாற்காலி ஒதுக்கிக் குடுத்தேன்.

மறுநாள் பாத்தா அது பீடி முறத்தோட வந்து உக்காந்திருக்கு. அந்தச் சொளவுல வெட்டுன இலை, புகையிலைத் தூள், நூல். மடியில சொளவு, மேசையில புஸ்தகம். கண்ணு புஸ்தகத்துல இருக்கு, கை பாட்டுக்குப் பீடியச் சுத்துது. இலைய எடுக்கு, தூளை வைக்கு, உருட்டுது, நூலைக் கட்டுது, ஒரு தடவை கூடக் குனிஞ்சு பாக்கல. சின்னப் பிள்ளையில இருந்தே சுத்துத கை. பக்கம் திருப்பணும்னா மட்டும் முழங்கையால ஒரு தள்ளு. பக்கத்துல இருந்தவனுவ படிக்கதை விட்டுட்டு அதையே பாத்துக்கிட்டிருந்தானுவ.

நான் பாத்தேன். பொது இடம். புகையிலை. எனக்குச் சட்டம் தெரியும்லா. அன்னிக்குச் சாயங்காலமே அறிவிப்புக் குடுத்தேன். ஏழு நாளுக்குள்ள விளக்கம், அதுக்கப்புறம் நேர் விசாரணை. விசாரணை முடியிற வரைக்கும் உள்ள வரக் கூடாது. அது இயற்கை நீதிக் கோட்பாடு அண்ணாச்சி, ரெண்டு தரப்பையும் கேக்காம நான் ஒண்ணும் முடிவு பண்ண மாட்டேன்.

விசாரணை அன்னிக்கு நான், கொம்பையா, ஒழுங்குக் குழுவுல இன்னும் மூணு பேரு உக்காந்திருந்தோம். அது எதிர்க்க நின்னுச்சு. சொளவ வெளிய வச்சிட்டு வரச் சொல்லியிருந்தேன்.

‘அண்ணே, நான் குடிக்கலையே. சுத்தத்தானே செய்யுதேன்?’ன்னு கேட்டுச்சு.

‘புகையிலை உள்ள இருந்துச்சா இல்லியாம்மா? அதை மட்டும் சொல்லு’ன்னேன்.

‘இருந்துச்சு. ஒரு நாளைக்கு எழுநூறு பீடி கடையில குடுக்கணும். குடுக்கலைன்னா பேரை எடுத்துருவாவ. காலையில எந்திரிச்சுப் பாதி சுத்திருவேன். மீதிய இங்கன உக்காந்து சுத்துனாத்தான் படிக்கவும் முடியும். கைய வச்சு ஒண்ணும் செய்யாம வெறுமனே படிக்கதுக்கு எனக்கு நாள்ல எடம் இல்லண்ணே.’

கொம்பையா குறுக்க பூந்து, ‘அண்ணே, விட்டுருங்க, யாருக்கு என்ன தொந்தரவு?’ன்னான். நடுவுல பேசக் கூடாதுன்னு அவனுக்கு நடைமுறைய எடுத்துச் சொன்னேன். எதிர்த்தரப்பினர் தனிப்பட்ட காரணங்களை முன்வைத்தார்னு குறிப்புல எழுதிக்கிட்டேன். முடிவு அதுக்கு எதிராத்தான் வந்துச்சு. ஆனா மேல்முறையீட்டுக்கு வழி வச்சிருந்தேன். மேல்முறையீட்டு அலுவலரும் நான்தான், வேற ஆளு கிடைக்கல. அதுக்காக அதே நாற்காலில உக்காரல. வேற நாற்காலில உக்காந்து, நான் குடுத்த தீர்ப்பை நானே பாரபட்சம் இல்லாமப் படிச்சுப் பாத்தேன். சரியாத்தான் எழுதியிருந்துச்சு.

இதுக்கெல்லாம் பதினெட்டு நாள் ஆச்சு. பதினெட்டு நாளும் பதினொண்ணரைக்கு வரும், டீக்கடைச் சார்ப்புக்கிட்ட நிக்கும், இங்கிட்டுப் பாக்கும், ஏதாவது முடிவு வந்துச்சான்னு ஒரு கேள்வி, போயிரும். ஒருநாள் நல்ல வெயிலு. புஸ்தகத்தைத் தலைக்கு மேல பிடிச்சிக்கிட்டு நின்னுச்சு. எனக்கும் சங்கடமாத்தான் இருந்துச்சு, நானும் மனுசன்தானே. உள்ள வாம்மான்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. ஆனா நடைமுறைக்கு நடுவுல அப்படிச் சொன்னா, அப்புறம் அந்த விசாரணைக்கு என்ன மரியாதை? அடக்கிக்கிட்டேன்.

கடைசியில நானே ஒரு வழி கண்டுபிடிச்சேன். கட்டடத்துக்குள்ள கூடாது, சரி. தாழ்வாரம் கட்டடமா இல்லியான்னு சாசனத்துல சொல்லல. அதனால தாழ்வாரத்துல ஒரு பெஞ்சு ஒதுக்கினேன். நீங்க உக்காந்திருக்கியளே, அதே பெஞ்சுதான். விளிம்புநிலை மக்களை உள்ளடக்கிய வளர்ச்சின்னு படிக்கோம்லா, அதைக் கண்ணு முன்னால செஞ்சு காட்டுனேன். அந்தப் பிள்ளை சொளவ எடுத்து மடியில வச்சிக்கிட்டுப் படிக்க ஆரம்பிச்சிருச்சு.

ரெண்டு நாள் கழிச்சு, உள்ள ஃபேன் இல்லாம வேக்காடு தாங்கலன்னு ஒருத்தன் நாற்காலிய விட்டுட்டு வெளிய போய் அது பக்கத்துல தரையில உக்காந்தான். அப்புறம் இன்னொருத்தன். அந்தப் பிள்ளை வாய்விட்டுப் படிக்கும். ஒரு பத்தி படிச்சிட்டு, ‘இதை நம்ம ஊர்ல வச்சுச் சொல்லுங்க பாப்போம்’னு கேக்கும். ரேஷன் கடை, பீடிக் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, இதுலயே எல்லாப் பாடத்தையும் சொல்லிரும். ஒரு வாரத்துல தாழ்வாரம் நெறைஞ்சு போச்சு. படிச்சுக்கிட்டே அவனுவளும் இலை வெட்டிக் குடுக்க ஆரம்பிச்சிட்டானுவ. கொம்பையா நூலே கட்டுவான், அவ்வளவு தேறிட்டான். உள்ள நான் மட்டுந்தான் இருந்தேன். இருக்கை நெருக்கடி முழுசாத் தீந்துருச்சுன்னு அந்த மாச அறிக்கையில எழுதினேன். ஒரு உறுப்பினருக்கு இவ்வளவு இடம் எந்தப் பயிலும் வட்டத்துலயும் கிடையாது.

சாரல் வலுத்துக் காத்தோட அடிச்சதுல தாழ்வாரம் நனைஞ்சு போச்சு. உள்ள வரட்டுமான்னு கேட்டானுவ. வாங்க, யாரு வேண்டாம்னா? ஆனா தொடர்ந்து பதினஞ்சு நாள் இருக்கையில இல்லைன்னா உறுப்பினர் தகுதி போயிரும், அது விதி. புதுசா விண்ணப்பம் குடுத்தா சேர்க்கைக் குழு கூடி முடிவு பண்ணும். சேர்க்கைக் குழுவுல அஞ்சு பேரு இருக்கணும், அந்த அஞ்சு பேருமே தகுதி போனவனுவ. கொஞ்சம் பொறுங்க, விதித் திருத்தம் கொண்டு வாரேன்னு சொன்னேன். பொறுக்கல. பீடிக் கடைக்காரர் மாடியில இலைக்கட்டு அடுக்குத எடம் பாதி காலியா கிடக்குன்னு சொன்னாராம். எல்லாரும் புஸ்தகத்தைத் தூக்கிட்டு அங்கன போயிட்டானுவ. பாயும் புகையிலை நெடியுமா கிடக்கு, ஒரு பெயர்ப்பலகை கூடக் கிடையாது.

நான் இங்கனயே இருந்து படிச்சேன். ஒத்தையில. நிம்மதியாத்தான் இருந்துச்சு. மெயின்ஸுல பாருங்க, எனக்குன்னே ஒரு கேள்வி வந்துச்சு. மக்கள் பங்கேற்பு நிர்வாகத்தை எப்படி மேம்படுத்தும்னு ஒரு கேள்வி. இந்தப் பயிலும் வட்டத்தையே எழுதினேன். ஒன்பது குழு, சாசனம், பெட்டி, ஃபேன் அறிக்கைச் சுருக்கம், ஒண்ணு விடல. பதினோரு பக்கம். கூடுதல் தாள் வாங்கி வாங்கி எழுதினேன். நிமிந்து பாத்தா இன்னும் பதினஞ்சு நிமிசந்தான் இருக்கு, மீதிக் கேள்வியெல்லாம் அப்படியே கிடக்கு. மார்க்கு வரல. ஆனா அந்த ஒரு பதிலைத் திருத்துனவரு இருந்த இடத்துல எந்திரிச்சு நின்னிருப்பாரு.

பிரம்மசக்திக்கு வேலை கிடைச்சிருச்சு. அதுகூட மாடியில இருந்து இன்னும் மூணு பேருக்கும். கொம்பையாவும் அதுல ஒருத்தன். புது சமுதாயக்கூடத்துல பாராட்டு விழா வச்சாவ, நானும் போயிருந்தேன். முன்வரிசையிலதான் உக்காந்திருந்தேன். அது மைக்கப் பிடிச்சு எல்லாருக்கும் நன்றி சொல்லுச்சு. பீடிக் கடைக்காரருக்கு, டீக்கடைக்காரருக்கு, சும்மா ஸ்டூலைத் தூக்கிட்டு அலைஞ்ச மாடசாமிக்கு. டிவிச் சத்தத்தைக் குறைச்ச மாமியாளுக்குக் கூட. அஞ்சாவது ஆறாவதா என் பேரு வந்துரும்னு சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். வரல அண்ணாச்சி. ஒரு விதி அதுக்கு இடைஞ்சலா இருந்திருக்கலாம், நான் ஒத்துக்கிடுதேன். ஆனா அந்த விதிய நான் எனக்காகவா போட்டேன்? அந்தப் பெஞ்சுக்காவது ஒரு நன்றி சொல்லியிருக்கலாம்லா. அன்னிக்குச் சாப்பாட்டுக்கு நிக்காம வந்துட்டேன். வீட்டுல வந்து சொன்னா, டீச்சரம்மா இட்டிலிய எடுத்து வச்சா.

இந்தத் தடவையும் முதல்நிலை பாஸ் பண்ணிட்டேன். அதுல எனக்கு எப்பவும் பயமில்ல. மெயின்ஸுக்கு மூணு மாசந்தான் இருக்கு. இது வரலைன்னா டீச்சரம்மா தம்பி வச்சிருக்க சிமெண்டுக் கடையில போய் நிக்கணும்னு வீட்டுல முடிவாகிருச்சு. அவ கோவமாக்கூடச் சொல்லல. டப்பாவக் கட்டிக்கிட்டே, ‘எனக்கும் களைப்பா இருக்கு, தெரிஞ்சுக்கிடுங்க’ன்னு மட்டும் சொன்னா. அன்னையில இருந்து புஸ்தகத்தைத் திறந்தா அந்தக் குரல்தான் கேக்கு. பத்துப் பாயிண்டு சொல்லுவேன்னு சொன்னேம்லா, இப்ப மூணாவது பாயிண்டுலயே நின்னுருது. பேசிக்கிட்டே படிச்சாத்தான் எனக்கு வரும். இங்கன யாருகிட்டப் பேச?

மூணு வாரத்துக்கு முன்னால ஒரு ஞாயித்துக்கிழமை பிரம்மசக்தி இங்க வந்துச்சு. வெளியூர்ல வேலை, ஆனா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து அந்த மாடியில பாடம் எடுக்குது. எங்க நிக்கட்டும்னு கேக்கிற மாதிரி இந்த வாசல்லயே நின்னுக்கிடுச்சு. உள்ள வரல. முப்பத்திரண்டு நாற்காலியையும் ஒரு தடவை பாத்துச்சு. அப்புறம் என்னையப் பாத்துச்சு.

‘அண்ணே, நீங்க பாஸாகியிருக்கியன்னு கொம்பையா சொன்னாரு. மாடியில எடம் இருக்கு. வந்து உக்காருங்கண்ணே. ஆளுகைப் பாடத்தை உங்களை விட்டா அங்கன சொல்லிக் குடுக்க ஆளு இல்ல. சேந்து படிச்சா இந்தத் தடவை வந்துரும்.’

‘அதுக்கு என்ன நடைமுறை?’ன்னேன்.

‘ஒண்ணும் கிடையாதுண்ணே. வந்து உக்கார வேண்டியதுதான்.’

அண்ணாச்சி, நான் எத்தனையோ ஆபீசுக்குப் போயிருக்கேன். எத்தனையோ சன்னல்ல நின்னுருக்கேன். ஒன்பது வருசமா ஒரு அரசாங்கம் ஒரு மனுசனை எப்படிக் கூப்பிடணும்னு புஸ்தகம் புஸ்தகமா படிச்சிருக்கேன். யாரும் என்னைய அப்படி ஒரு வார்த்தை கூப்பிட்டதில்ல. அந்தப் பிள்ளைய நான் பதினெட்டு நாள் வெயில்ல நிப்பாட்டியிருக்கேன். அது என்னைய ஒரு நிமிசம் நிப்பாட்டல. அழுதுருவேனோன்னு பயமாப் போச்சு. வாயில என்ன வந்துச்சோ அதைச் சொல்லிட்டேன்.

‘எழுத்துப்பூர்வமா குடும்மா, பரிசீலிக்கேன்’னுட்டேன்.

அது சரிண்ணேன்னு சொல்லிட்டு இறங்கிப் போயிருச்சு. சொன்னா செய்யுத பிள்ளைதான், ஆனா வேலை இருக்கும்லா, மறந்திருக்கும். மூணு வாரம் ஆச்சு, இன்னும் கடிதம் வரல. தபால்காரர் இந்தத் தெருவுக்குப் பகல்ல வருவாரு. அந்த நேரத்துல மட்டும் நான் டப்பாவக் கூடத் திறக்காம வாசல்லயே இருக்கேன்.

உங்க மகளை நீங்க அங்கனயே கூட்டிக்கிட்டுப் போங்க. இங்கன இப்போதைக்குச் சேக்க முடியாது, குழு கூட ஆளு இல்ல. இந்தத் தெரு முடிவுல வலது கைப் பக்கம் திரும்புனா பீடிக் கடை. படி வெளியிலயே இருக்கு, யாரையும் கேக்க வேண்டாம், மாடியில கதவு திறந்துதான் இருக்கும். இன்னிக்கு ஞாயித்துக்கிழமைதானே, பிரம்மசக்தி இருக்கும். பாத்தியன்னா நான் சொன்னேன்னு சொல்லுங்க. பெருசா ஒண்ணும் எழுத வேண்டாம், ரெண்டு வரி போதும். தேதி கூடப் போட வேண்டாம்னு சொல்லுங்க.